வெறும் கண்ணாடியின் காந்தம்

என் பெயர் முதலாவதாக அச்சான ஆராய்ச்சிக் கட்டுரையை நானே கடிதம் எழுதித் திரும்பப் பெற வைத்தேன். இப்போதும் இணையத்தில் தேடினால் அது கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கிலும் சிவப்பு எழுத்தில் திரும்பப் பெறப்பட்டது என்று அடித்திருப்பார்கள். அந்தச் சிவப்புக்கு அடியில் என் பெயர். சொந்தக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டபோது நான் எதையோ திருடி மாட்டிக்கொண்டதாக நினைத்தார்கள். நான் திருடவில்லை. ஆனால் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் ஆறாமலேயே எழுதுகிறேன்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். பெருந்துறையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருடம் முதலாமாண்டுக்கு இயற்பியல் நடத்தினேன். முப்பத்தொன்றாம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, கோவையின் புறநகரில் இருக்கும் ஒரு கல்லூரியில் முழுநேர ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். கணவருக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் விடுதியில் இருப்பேன். சனிக்கிழமை காலை பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று கேட்காதவர்கள் குறைவு. எனக்கு அது எதற்கு என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

செல்போனில் கொஞ்ச நேரம் படம் பார்த்தால் பின்பக்கம் சுடுகிறதல்லவா, அந்தச் சூடுதான் எங்கள் பிரச்சினை. இன்றைய மின்னணுக் கருவிகள் எல்லாம் எலக்ட்ரான்களை ஓடவிட்டு வேலை வாங்குகின்றன. ஓடும்போது அவை முட்டி மோதிச் சூடாக்குகின்றன. மின்சாரத்தில் ஒரு பங்கு அப்படியே வீணாகிறது. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் தவிர இன்னொரு குணமும் உண்டு. அதற்கு ஸ்பின் என்று பெயர். ஒவ்வொரு எலக்ட்ரானும் தனக்குள் ஒரு பொடிக் காந்த ஊசியை வைத்திருப்பதுபோல நடந்துகொள்ளும். அந்த ஊசி மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதை வைத்தே தகவலைச் சேமிக்கலாம், அனுப்பலாம். எலக்ட்ரானை அவ்வளவு தூரம் ஓடவிட வேண்டாம். சூடு குறையும், மின்சாரம் மிச்சமாகும். இதற்கு, சிப் செய்ய உதவும் குறைகடத்தியாகவும், சாதாரண அறை வெப்பத்தில் காந்தமாகவும் இருக்கும் ஒரு பொருள் தேவை. உலகம் முழுக்கப் பலர் பல வருடமாக அதைத் தேடுகிறார்கள். பலர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, பிறகு இல்லை என்று பின்வாங்கியிருக்கிறார்கள்.

நாங்களும் கண்டுபிடித்தோம்.

எங்கள் முறை மலிவானது. துத்தநாக ஆக்சைடு கரைசலில் துளி கோபால்ட்டு சேர்த்து, சுழலும் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். அது மெல்லிய படலமாகப் பரவும். சூடாக்கிக் காயவைத்து மறுபடி ஒரு சொட்டு. இப்படிப் பத்து அடுக்கு. ஒரு மாதிரி செய்ய ஒரு நாள் ஆகும். காந்தத்தன்மையை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வேறு ஊரில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் முன்பதிவு செய்து, முறை வரும்வரை காத்திருந்து, மாதிரிகளைப் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோக வேண்டும்.

வெறும் கண்ணாடியையோ காந்தமில்லாத பொருளையோ அந்தக் கருவியில் வைத்தால் வரைபடத்தில் ஒரு நேர்கோடு வரும். காந்தமாக இருந்தால் கோடு வளைந்து, நடுவில் வயிறு உப்பிய ஒரு வளையம் வரும். எங்கள் மாதிரிக்கு வளையம் வந்தது. மிகச் சிறியதுதான், ஆனால் ஐயமில்லாத வளையம். அன்று நான் அந்த நிறுவனத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் நெறியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, ஒவ்வொரு கருவிக்கும் டெல்லிக்கு நடையாய் நடந்து நிதி வாங்கி, ஒன்றுமில்லாத அறையை ஆய்வுக்கூடமாக மாற்றியவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து தாளாளர்வரை எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். என்னை அம்மணி என்பார். எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை இருந்தது. அந்த மரியாதை பின்னால் என் கழுத்தில் விழுந்த கயிறாக மாறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கட்டுரை வெளியானது. கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்கள். பேனரில் சாரின் முகமும் என் முகமும், நடுவில் நீல நிறத்தில் ஒரு பம்பரம். குவாண்டம் என்ற சொல் என் தலையைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த செய்தியில் இனி வீட்டு மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் சாரிடம் ஓடினேன், மறுப்பு கொடுக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "விடுங்க அம்மணி, சனங்களுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்காங்க. நல்லதுதானுங்களே" என்றார்.

அந்த வாரம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கணவருடைய பெரியப்பா பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, "ஏனம்மணி, கரண்ட் பில்லு எப்பக் கொறையும்? நம்ம தறிக்கும் கொறையுமா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்ச வருசம் ஆகுங்க" என்றேன். பாதிப் பொய். முழுப் பொய் என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது.

தீபாவளிக்குக் கல்லூரி ஒன்பது நாள் விடுமுறை விட்டது. நான் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டேன். ஆய்வுக்கூடம் காலியாக இருக்கும், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று ஐந்து மாதிரிகள் செய்தேன். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் செய்ததே இல்லை. கொண்டுபோய் அளந்தேன். ஐந்துக்கும் நேர்கோடு. வளையத்தின் வாடைகூட இல்லை.

சாரிடம் காட்டினேன். "கரைசல் பழசாயிருக்குமுங்க. தள்ளி வெச்சுட்டு வேற செய்யுங்க" என்றார். விடுமுறை முடிந்து புதிய மாதிரிகள் செய்தேன். வளையம் திரும்ப வந்தது. நானும் நிம்மதியாக, அந்த ஐந்து மாதிரிகளுக்கு நேரே நோட்டில் 'தோல்வி' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினேன். என்மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நன்றாகச் செய்தது தோற்று, அவசரமாகச் செய்தது ஜெயித்தால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டாமா? அதற்குத்தானே இத்தனை வருடம் படித்தது?

யோசிக்க வைத்தது ஓர் அழுக்குத் துணி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். ஒப்பந்தக்காரர் மூலமாக வந்த தினக்கூலி. சூலூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பத்தாவது வரை படித்தவர். கண்ணாடித் துண்டுகளை அமிலத்திலும் அசிட்டோனிலும் வரிசை மாறாமல் கழுவி, பஞ்சு ஒட்டாமல் காயவைத்து அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பதினோரு வருடம் அங்கே வேலை செய்தவர். எங்களில் யாரையும்விட அந்த அறையை அறிந்தவர்.

ஜனவரியில் ஒருநாள் மாலை அவர் மேசையைத் துடைத்துவிட்டுத் துணியை என் முன்னால் விரித்துக் காட்டினார். கரி பூசியதுபோல் இருந்தது.

"இங்க பாருங்க அம்மணி. வெடியால வந்ததும் தொடச்சுப்போட்டேன். பொழுதோட மறுக்காவும் இந்தக் கதி. காத்து இந்தப் பக்கம் திரும்புனா இன்னும் எச்சாப் படியுது. தீவாளி லீவுலதான் இந்தக் கருப்பக் காணோம். லீவு முடிஞ்சு வந்து தொடைக்கறேன், துணி வெள்ளையா இருக்குது."

"அந்த ஒன்பது நாளும் யாரும் தொடைக்கலையே அக்கா, எப்படி வெள்ளையா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அதானுங்க. பவுண்டரிக்காரங்க லீவுல்லங்களா. பையனுங்கெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. அரைக்கற மிசினு ஓடலைங்க."

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மதில் தாண்டினால் வரிசையாக வார்ப்படப் பட்டறைகள். பம்பு உடல், மோட்டார் உறை எல்லாம் அங்கேதான் வார்க்கிறார்கள். வார்த்ததைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கும் இரும்புத் தூள் ஊரெல்லாம் படியும். கோவையில் யாருக்கும் அது செய்தியில்லை. துணி காயப்போடும் எல்லோருக்கும் தெரியும்.

அலமாரியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் துணிக்கு மேலே பிடித்தேன். துணியிலிருந்த கருப்பு எழுந்து நின்றது. பூனையின் முதுகு மயிர் சிலிர்ப்பதுபோல, நூறு நூறு ஊசிகளாகக் குத்திட்டு நின்றது. அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, இத சார்கிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"ரெண்டு தடவ சொல்லிப்போட்டேனுங்க. அந்த ஏசி பொட்டியச் சுத்திச் செவுத்துல சந்து இருக்குதுங்க, அடைக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன். சரிங்க, பாத்துக்கலாமுங்கன்னாரு."

அடுத்த இரண்டு நாளில் நான் செய்தது மிக எளிமையான சோதனை. முதல் வருட மாணவன்கூடச் செய்வான். நாங்கள் யாரும் அதுவரை செய்யவில்லை. அக்கா கழுவிக் கொடுத்த பத்துக் கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். எதன்மேலும் படலம் கிடையாது. ஐந்தை மூடிய பெட்டியில் வைத்தேன். ஐந்தைச் சுழலும் கருவிக்குப் பக்கத்தில், நாங்கள் மாதிரி செய்யும் அதே மேசையில், திறந்து வைத்தேன். எல்லாவற்றையும் ஒரேமாதிரி சூடாக்கினேன். என் முறை வந்ததும் ரயிலேறிப் போய் அளந்தேன்.

மூடிவைத்த கண்ணாடிகளுக்கு நேர்கோடு. திறந்து வைத்த கண்ணாடிகளுக்கு வளையம். எங்கள் கட்டுரையில் அச்சான அதே அளவு, அதே வயிறு. கோபால்ட்டும் இல்லை, துத்தநாக ஆக்சைடும் இல்லை. வெறும் கண்ணாடி காந்தமாக இருந்தது. அங்கேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த துகளில் இரும்பு, கரி, சிலிக்கான். மூன்றும் சேர்ந்தால் வார்ப்பிரும்பு. நாங்கள் உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு, பின்பக்கத்துப் பட்டறையின் தூசி.

திரும்பி வந்து சாரின் அறைக்குப் போனேன். வரைபடங்களை மேசையில் பரப்பினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை. பார்த்து முடித்துவிட்டு, காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, என் பக்கம் நகர்த்தினார்.

"வெறும் கண்ணாடிய எதுக்குங்க அம்மணி அளக்கப் போனீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை எத்தனை முறை எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லமுடியாது. முதலில் அது கேள்வி என்றே நினைத்து, பதில் சொன்னேன். தீபாவளி மாதிரிகளைச் சொன்னேன், துணியைச் சொன்னேன்.

"சரிங்க," என்றார். "டீ சாப்பிடறீங்களா?"

"சார், கட்டுரைய நாம திரும்ப வாங்கணுங்க."

"அவசரப்படாதீங்க. புதுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போயிருக்குது. அதுல இந்தக் கட்டுரையத்தான் ஆதாரமாக் காட்டியிருக்கறோம். நம்ம டிபார்ட்மெண்டுல எத்தன பேரு இத நம்பியிருக்கறாங்க? உங்களுக்கும் இன்னும் ஒரு வருசந்தான். ஆய்வேட்ட முடிச்சு டாக்டர்னு பேருக்கு முன்னால போட்டுக்கங்க. அப்பறம் உங்க விருப்பம்போல நிதானமா ஒரு கட்டுரை எழுதுங்க, தூசியப் பத்தி. நானே கூட நிக்கறேனுங்க."

ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ங்க'. அவர் என்னை மிரட்டியிருந்தால் நான் அன்றே கத்தியிருப்பேன். இத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிக் கத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சின் இனிமையை வெளியூர்க்காரர்கள் வாயாரப் புகழும்போதெல்லாம் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பஞ்சு வைத்துப் பொத்தினாலும் வாய் வாய்தானே, மூச்சு முட்டத்தானே செய்யும்?

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாயப்பட்டறை இரசாயனங்களைத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறவர். "எங்க கம்பெனியில ஒரு பேட்ச் தப்பாப் போனா உடனே சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்திருவோம்" என்றார். பிறகு தயங்கி, "ஆனா இத்தன வருசம் ஊட்ட விட்டுப் போயிப் படிச்சியே, அது அப்படியே போயிருமா?" என்றும் கேட்டார். இரண்டும் நியாயமான பேச்சு. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நான் ஆய்வேடு எழுதினேன். பொய் என்று தெரிந்த வளையத்தை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒட்டினேன். கீழே விளக்கம் எழுதினேன். காலையில் பேனரைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா தினமும் கண்ணாடி கழுவிக் கொடுத்தார். "என்னாச்சுங்க அம்மணி, அந்தத் தூசி சமாச்சாரம்?" என்று ஒருமுறை கேட்டார். "பாத்துட்டிருக்காங்க அக்கா" என்றேன். சாரின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் பத்திரிகைக்கு எழுதினார். எங்கள் முறைப்படியே செய்து பார்த்ததாகவும், காந்தம் வரவில்லை என்றும், வெறும் கண்ணாடியை அளந்த விவரத்தை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். அதே வெறும் கண்ணாடி. பத்திரிகை ஆசிரியர் எங்களிடம் விளக்கம் கேட்டார்.

சார் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பதிலை எழுதி எனக்கு அனுப்பினார், நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதச் சொல்லி. ஒரே ஒரு தொகுதி மாதிரிகளில், துணைப் பணியாளர் கண்ணாடியைச் சரியாகச் சுத்தம் செய்யாததால் சிறு மாசு கலந்திருக்கலாம், முக்கிய முடிவுகள் பாதிக்கப்படவில்லை, அந்தப் பணியாளர்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தது.

படித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். கழுவும் தொட்டிக்கு முன்னால் வேறு ஒரு பெண் நின்றிருந்தாள். நேற்றோடு அக்காவை வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டதாக அவள்தான் சொன்னாள்.

அன்று மதியம் பஸ் மாறி அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, முன்னால் தகரக் கூரை போட்ட சமையல் இடம். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய கோபம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

"நான் சுத்தமாக் கழுவலைன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்களாமா" என்றார்.

"தெரியும் அக்கா."

"சுத்தமாக் கழுவலைங்களா நானு?"

"நீங்க கழுவுன கண்ணாடி மூடி வெச்சப்ப ஒண்ணுமே வரல. அது எங்கிட்ட அளந்தே இருக்குது. உங்க கையில ஒரு தப்பும் இல்ல."

"அது எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தை மாசமே தெரியுமுங்களா?"

"தெரியும்."

அரிசிக் கழுநீரை வாசலில் வேகமாக ஊற்றினார். என் காலில் தெறித்தது. "அப்ப நீங்களுஞ் சொல்லலை. ரெண்டு பேருஞ் சேந்து பேசாம இருந்துபோட்டீங்க. படிச்சவங்க நீங்க பேசாம இருந்தா, கழுவறவதானுங்க தப்பு. வேற ஆரு இருக்கறா?" என்றார். அப்போதும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினார். அந்த 'ங்க'வில் இருந்த வெறுப்பை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

விடுதிக்குத் திரும்பியதும் பத்திரிகை ஆசிரியருக்கு நேரடியாக எழுதினேன். பத்துக் கண்ணாடிகளின் வரைபடங்களையும், நுண்ணோக்கிப் படங்களையும், தீபாவளி மாதிரிகளின் நோட்டுப் பக்கத்தையும் இணைத்தேன். 'தோல்வி' என்று என் கையெழுத்திலேயே இருந்தது, அதையும் மறைக்கவில்லை. முக்கிய முடிவே தவறு, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். மாசு காற்றில் வந்த இரும்புத் தூசி, சுத்தம் செய்ததில் எந்தக் குறையும் இல்லை, அதை முதலில் கவனித்துச் சொன்னவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர்தான் என்று தனியாக ஒரு பத்தி எழுதினேன். சாருக்கும் பிரதி அனுப்பினேன். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. அன்றே எழுதியிருந்தால் அக்கா அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றிருப்பார்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். அப்போதும் குரல் உயரவில்லை. "ரொம்பச் சந்தோசமுங்க அம்மணி. இனி வேற நெறியாளரப் பாத்துக்கங்க" என்றார்.

இந்த முறை நான் கத்தினேன். நடைபாதையில் ஆட்கள் நின்று கேட்கும் அளவுக்குக் கத்தினேன். "ஒரு சந்த அடைக்கச் சொல்லி அந்த அக்கா ரெண்டு தடவ உங்ககிட்ட வந்து கேட்டுச்சு. அதைக் கேக்கறதுக்கு உங்களுக்குக் காதில்ல. இப்ப அது மேலயே பழியப் போட்டு வேலைய விட்டுத் தொரத்திட்டு, எங்கிட்ட மரியாதையாப் பேசறீங்களா? எனக்கு உங்க மரியாத வேண்டாம்." ஒரு 'ங்க' குறைந்தாலும் குறையாகப் பார்க்கிற ஊரில், நான் அன்று வேண்டுமென்றே பாதியை விழுங்கினேன். அவர் முகத்தில் முதல்முறையாக அடிபட்ட வலி தெரிந்தது. அந்தத் தூசி தராத வலி, பொய் தராத வலி, ஒரு பெண் 'ங்க' போடாததில் வந்தது.

கட்டுரை திரும்பப் பெறப்படப் பல மாதங்கள் ஆயின. வெளியான அறிவிப்பில் சுற்றுப்புற மாசு காரணம் என்று ஒரு வரிதான் இருந்தது. உதவியாளர் பற்றி நான் எழுதிய பத்தியை நீக்கிவிட்டார்கள். தனிநபர் குறிப்புகள் தேவையில்லை என்று பணிவாகப் பதில் வந்தது. பணிவு உலகமெங்கும் இருக்கிறது போலும். நான் அதே கல்லூரியில் வேறு துறையில் ஒரு நெறியாளரைத் தேடி, ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வருடம் போயிற்று. இப்போது நான் செய்வது, காந்தம்போலத் தோன்றி ஏமாற்றும் பொய்ச் சமிக்ஞைகளைப் பற்றிய ஆராய்ச்சி. இதற்குப் பேனர் வைக்கமாட்டார்கள். ஸ்பின்னை வைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் கருவி ஒருநாள் வரும் என்று நான் இன்னும் நம்புகிறேன். அதைச் செய்யப்போகிறவர்கள் வெறும் கண்ணாடியை அளப்பவர்களாக இருப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்காக ஒப்பந்தக்காரரிடம் மூன்று முறை போனேன். அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார். கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதினேன். அவர் எங்கள் ஊழியரே இல்லையே என்று பதில் வந்தது. பதினோரு வருடம் அந்த அறையைத் துடைத்தவர் யாருடைய ஊழியரும் இல்லை.

போன மாதம் பழைய ஆய்வுக்கூடம் புதுப்பிக்கப்பட்டு ரிப்பன் வெட்டினார்கள். சுவரிலிருந்த சந்துகளை எல்லாம் அடைத்து, வடிகட்டிய காற்று வரும்படி தூசியில்லா அறை கட்டியிருக்கிறார்கள். அதற்கான நிதி விண்ணப்பத்தில் இரும்புத் தூசியின் பாதிப்பு என்று சேர்த்திருந்தது நான் ரயிலில் கொண்டுபோய் அளந்த வரைபடங்களை. அந்தத் துறையில் இப்போது படிக்கும் ஒரு மாணவி சொல்லித்தான் எனக்கு அது தெரியும். சார் இப்போது டீன். வராந்தாவில் எதிரில் வந்தால், "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்று நின்று கேட்பார். நான் நிற்பதில்லை.

இதைச் சொல்ல அக்காவுக்குப் போன் செய்தேன். திருப்பூர் போகும் வழியில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்க்கிறார். என் அழைப்பை எப்போதாவதுதான் எடுப்பார். அன்று எடுத்தார். புதிய அறையைப் பற்றிச் சொன்னேன்.

"சந்த அடைச்சுப்போட்டாங்களா?" என்றார். பின்னால் தையல் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. "நான் சொன்னப்பவே அடைச்சிருந்தா ஒரு சட்டி சிமெண்டுதானுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சூப்பர்வைசர் கூப்பிடுவதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.